முடிவு தெரியாமல் ரெஸ்லிங் பார்ப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு ராயல் ரம்பிள். அன்று விடியற்காலையில் எழுந்து பார்க்க முடியவில்லை, வீட்டில் விசேஷம். சரி, ராத்திரி நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனை அதிகம் தொடாமலே இருந்தேன். மதியம் பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, எதிர்வரிசையிலிருந்து அக்கா மகன் குரல் கொடுத்தான்: "மாமா, அவரு திரும்பி வந்துட்டாரு, பாத்தீங்களா?" பெயரைச் சொன்னான். எத்தனையாவது ஆளாக வந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

ராயல் ரம்பிள் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் ரிங்கில் தொடங்குவார்கள். அப்புறம் ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் இடைவெளியில் ஒவ்வொருவராக வந்துகொண்டே இருப்பார்கள், மொத்தம் 30 பேர். மேல்கயிற்றைத் தாண்டித் தூக்கி எறியப்பட்டு இரண்டு காலும் தரையில் பட்டால் அவுட். கடைசியாக நிற்பவருக்கு, வருடத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் சாம்பியனோடு மோதும் வாய்ப்பு. அடுத்த ஆள் யார் என்பதுதான் ஆட்டத்தின் உயிர். பெரிய திரையில் 10, 9, 8 என்று எண்கள் இறங்கும். அரங்கமே சேர்ந்து கத்தி எண்ணும். பஸ்ஸர் அடிக்கும். அதற்கும் வரப்போகிறவரின் பாட்டு தொடங்குவதற்கும் நடுவில் அரை நொடி இருக்கிறதே, அந்த அரை நொடிக்காகத்தான் ஜனங்கள் ராயல் ரம்பிள் பார்க்கிறார்கள்.

அன்று ராத்திரி எனக்கு அந்த அரை நொடி ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. அவர் வரும் எண் தெரியும் என்பதால் அதற்கு முன் அடித்த பஸ்ஸர் எல்லாம் எனக்குச் சும்மா பஸ்ஸர்தான். அவர் வந்தபோது அரங்கம் வெடித்தது. நான் மட்டும் வாட்சைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து முடிவு காதில் விழாமல் பார்ப்பதற்கென்று சில பழக்கங்களை உண்டாக்கிக்கொண்டேன். அவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பெரும்பாலும் இதையெல்லாம் நடத்தும் அமெரிக்க நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யை வைத்துச் சொல்கிறேன், நம் ஆட்கள் அதிகம் பார்ப்பது அதுதான். ஒரே ஒரு ஆட்டத்தைத் தவிர வேறு எதன் முடிவையும் இந்தக் கட்டுரையில் சொல்லப்போவதில்லை. அந்த ஒன்றை ஏன் சொல்கிறேன் என்பது அந்த இடத்தில் புரியும்.

எல்லாம் முன்பே எழுதியதுதானே?

ரெஸ்லிங் பார்க்கிறேன் என்றாலே வரும் கேள்வி இது. ஆமாம், முன்பே முடிவு செய்ததுதான். இதில் ரகசியம் எதுவும் இல்லை. 1989 பிப்ரவரியிலேயே, அப்போது டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெயரில் இருந்த இந்த நிறுவனம், நாங்கள் நடத்துவது பொழுதுபோக்கு நிகழ்ச்சி, விளையாட்டுப் போட்டி அல்ல என்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட்டிடம் தெரிவித்துவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு வேண்டியிருந்தது, அதற்காகச் சொன்னது.

ஆனால் முடிவு எழுதப்பட்டது என்பதால்தான் அதை முன்கூட்டித் தெரிந்துகொள்வது இங்கே அதிகம் கெடுக்கிறது. கிரிக்கெட்டில் ஸ்கோர் தெரிந்த பிறகும் ஒரு நல்ல கவர் டிரைவை ரசிக்கலாம், அந்த முடிவை உங்களுக்காக யாரும் ஒளித்துவைக்கவில்லை. ரெஸ்லிங்கில் 20 நிமிட ஆட்டம் என்றால், அந்த 20 நிமிடமும் உங்கள் ஊகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுப்பதற்காகவே கட்டப்பட்டது. எதிராளியின் தோள்களை மூன்று எண்ணும் வரை தரையில் அமுக்கி வைத்தால் வெற்றி. நடுவர் தரையில் கையால் அடித்து எண்ணுகிறார்: ஒன்று, இரண்டு... மூன்றாவது அடிக்குக் கை இறங்கிக்கொண்டிருக்கிறது, ஒரு விரற்கடை தூரம்தான் மிச்சம், அப்போது கீழே கிடப்பவரின் தோள் விசுக்கென்று எழுகிறது. ரசிகர்கள் இதை நியர் ஃபால் என்பார்கள். இதைச் சரியாகச் செய்யப் பல வருடப் பழக்கம் வேண்டும். தோள் அரை நொடி முன்னால் எழுந்தால் பதற்றமே வராது, அரை நொடி தாமதித்தால் ஆட்டமே முடிந்துவிடும். ஜெயிக்கப்போவது யார் என்று தெரிந்து பார்ப்பவருக்கு இந்த உழைப்பு முழுக்க வீண்.

கூத்து பார்க்கப் போகிறவனுக்குப் பதினெட்டாம் நாள் போரில் துரியோதனன் சாவான் என்று தெரியாதா, அவன் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கவில்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கூத்தில் கதை ஊரறிந்தது. அங்கே போவது அடவுக்கும் பாட்டுக்கும் வேஷத்துக்கும். ரெஸ்லிங்கில் இந்த வாரக் கதையை இந்த வாரம்தான் முதல்முறையாகச் சொல்கிறார்கள். தெரிந்த கதையாகப் பார்க்கும் சுகம் இதிலும் உண்டு, ஆனால் அதை அடுத்த மாதமோ அடுத்த வருடமோ வைத்துக்கொள்ளலாம். தெரியாமல் பார்ப்பதற்குத்தான் அவசரம்.

முதலில்: படித்துவிட்டு வராதீர்கள்

புதியவர்கள் முடிவைத் தெரிந்துகொண்டு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஆசையால் அல்ல, பயத்தால். "ஒன்றும் புரியாதே, யார் யாரோடு சண்டை, எதற்குச் சண்டை, கொஞ்சம் படித்துவிட்டுப் போவோம்" என்று விக்கிப்பீடியாவைத் திறக்கிறார்கள். ஒரு வீரரின் பக்கத்தில் முதல் பத்தியிலேயே இப்போதைய சாம்பியன் அவர்தான் என்று இருக்கும். நேற்று ராத்திரி சாம்பியன் பெல்ட் கை மாறியிருந்தால் இன்று காலையில் அங்கே மாற்றிவிடுவார்கள். கூகிளில் வெறும் பெயரைத் தட்டினாலே போதும், தேடும் பெட்டியே மீதி வாக்கியத்தை முடித்துக் காட்டிவிடும்.

இந்தத் தயாரிப்பு எதுவும் தேவையில்லை. யாரும் எந்த வாரமும் புதிதாக வந்து உட்காரலாம் என்ற கணக்கில்தான் இந்த நிகழ்ச்சிகளைத் தயாரிக்கிறார்கள். முக்கியமான ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு வீடியோ போடுவார்கள். எங்கே பகை ஆரம்பித்தது, யார் யாரை முதுகில் குத்தினார், யார் என்ன சபதம் செய்தார் என்று எல்லாம் அதில் வந்துவிடும். இந்த வீடியோக்களைத் தயாரிப்பதில் டபிள்யூ.டபிள்யூ.இ. கெட்டிக்கார நிறுவனம். சில நேரம் ஆட்டத்தைவிட அது நன்றாக இருக்கும். வர்ணனையாளர்களும் பழைய கதையை நினைவுபடுத்திக்கொண்டே இருப்பார்கள். அதற்கு மேல் அரங்கத்தின் சத்தம் இருக்கிறது. ஒருவர் வரும்போது கூட்டம் கைதட்டுகிறதா, 'பூ' என்று கூச்சல் போடுகிறதா என்று கேட்டாலே நல்லவர் யார், கெட்டவர் யார் என்று தெரிந்துவிடும். நல்லவரை பேபிஃபேஸ் என்றும் கெட்டவரை ஹீல் என்றும் சொல்வார்கள். ஒருவர் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போனால் அது டர்ன். ஆரம்பத்துக்கு இந்த மூன்று வார்த்தை போதும்.

நான்கு வாரம் பொறுமையாகப் பாருங்கள். முதல் வாரம் முகங்கள் குழம்பும். மூன்றாவது வாரம் உங்களுக்கே ஒருவரைப் பிடித்துப்போயிருக்கும். எப்போது ஆரம்பிப்பது என்று கேட்டால் ராயல் ரம்பிளிலிருந்து என்பேன். அங்கே தொடங்கும் கதைகள்தான் பெரும்பாலும் ரெஸில்மேனியா வரை ஓடும்.

நேரக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

எத்தனை மணி நேரம் காதைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும் என்பது தெரிந்தால் வேலை சுலபம்.

டபிள்யூ.டபிள்யூ.இ.யின் வாராந்திர நிகழ்ச்சியான ரா அமெரிக்கக் கிழக்கு நேரப்படி திங்கள் இரவு 8 மணி. நமக்கு அது செவ்வாய்க் காலை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று பழையபடி பின்னே வைப்பார்கள். அதனால் கோடையில் நமக்குக் காலை 5:30, குளிர்காலத்தில் 6:30. வெள்ளி இரவு நடக்கும் இன்னொரு வாராந்திர நிகழ்ச்சியான ஸ்மாக்டவுன் சனிக்கிழமை காலையில் இதே கணக்கு. பெரிய நிகழ்ச்சிகள் அங்கே சனி, ஞாயிறு இரவில் நடப்பதால் நமக்கு ஞாயிறு, திங்கள் விடியற்காலை. தொடங்கும் நேரம் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கொஞ்சம் மாறும், முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரெஸில்மேனியா 2020 முதல் இரண்டு இரவாக நடக்கிறது. அதாவது காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய நாட்களும் இரண்டு. முதல் இரவின் முடிவு தெரிந்துவிட்டால் இரண்டாவது இரவும் பாதி கெட்டுவிடும்.

இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். சிங்கப்பூர், மலேசியாவில் ரா தொடங்கும்போது காலை 8 அல்லது 9 மணி, வேலைக்குக் கிளம்பும் நேரம். லண்டனில் இருப்பவர்களுக்கு நள்ளிரவு 1 மணி. டொரன்டோ, ஸ்கார்பரோ பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், சாப்பிட்டுவிட்டு ராத்திரி 8 மணிக்கு உட்கார்ந்தால் போதும்.

டபிள்யூ.டபிள்யூ.இ. ஐரோப்பாவுக்கோ சவூதி அரேபியாவுக்கோ போய் நடத்தும் பெரிய நிகழ்ச்சிகள் நமக்கு வரப்பிரசாதம். 2024 மே 4 அன்று பிரான்ஸின் லியோன் நகரை ஒட்டி பேக்லாஷ் நிகழ்ச்சி நடந்தபோது இங்கே இரவு பத்தரை மணி. நேரலையிலேயே பார்த்துவிட்டுப் படுக்கலாம், யாராலும் கெடுக்க முடியாது. ஜப்பானின் நியூ ஜப்பான் ப்ரோ ரெஸ்லிங்கும் அப்படித்தான். ஜனவரி 4 தோறும் டோக்கியோ டோமில் அவர்கள் நடத்தும் பெரிய நிகழ்ச்சி நமக்குப் பகலிலேயே வந்துவிடும், ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது.

மற்ற நாட்களில் இரண்டே வழி. காலையில் எழுந்து நேரலை, இல்லையென்றால் வேலை முடிந்து வந்து ராத்திரி. என் வேலைக்கு ராத்திரிதான் ஒத்துவரும். செவ்வாய்க் காலை 5:30-லிருந்து இரவு 9 வரை பதினைந்தரை மணி நேரம். கீழே சொல்வதெல்லாம் அந்த நேரத்தைக் கடத்துவதற்குத்தான்.

திங்கள் இரவு படுக்கப் போகும் முன் போனில் செய்ய வேண்டியவை

செவ்வாய்க் காலை எழுந்து செய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் போனை எடுத்ததுமே பூட்டிய திரையில் அறிவிப்பு காத்திருக்கும். நிறுவனத்தின் செயலியே நிகழ்ச்சி முடிவதற்குள் முடிவை அனுப்பிவிடும். விளையாட்டுச் செய்தி தரும் செயலிகளும் அப்படியே. இவற்றின் அறிவிப்பை நிரந்தரமாகவே அணைத்துவிடுங்கள். இதைச் செய்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கில் டபிள்யூ.டபிள்யூ.இ.யின் அதிகாரப்பூர்வப் பக்கத்தையும் வீரர்களின் பக்கங்களையும் பின்தொடர்கிறீர்களா? மியூட் செய்துவிடுங்கள். பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் ஒரு படம் போதும், எழுத்தே வேண்டாம். ஃபேஸ்புக்கில் ஒரு பக்கத்தை 30 நாள் மட்டும் ஒதுக்கிவைக்கும் வசதியும் இருக்கிறது. எக்ஸ் தளத்தில் குறிப்பிட்ட சொற்களை மறைக்கலாம். ஒரு நாள், 7 நாள், 30 நாள் என்று கெடு வைக்கலாம். நிகழ்ச்சியின் பெயர், நிறுவனத்தின் பெயர், நான்கைந்து பெரிய வீரர்களின் பெயர் போட்டு வையுங்கள். ஒரு விஷயம், ஆங்கில எழுத்தில் மட்டும் போட்டால் பத்தாது. நம் ஆட்கள் ரோமன் ரெயின்ஸ் என்று தமிழிலும் எழுதுவார்கள், ஆங்கில எழுத்தில் தமிழும் எழுதுவார்கள். எல்லா வடிவத்தையும் போடுங்கள்.

யூடியூப் பெரிய ஆபத்து. ராவின் துண்டு வீடியோக்கள் காலையிலேயே ஏறிவிடும், தலைப்பிலும் முகப்புப் படத்திலும் முடிவு அப்பட்டமாக இருக்கும். நீங்கள் ரெஸ்லிங் பார்ப்பவர் என்று யூடியூபுக்குத் தெரியும் என்பதால் தேடாமலே கொண்டுவந்து நீட்டும். நான் செய்வது: ரெஸ்லிங் வீடியோக்களைப் பார்க்க வேறொரு கணக்கு. அன்றாடம் பாட்டு, சமையல், செய்தி பார்க்கும் கணக்கில் ரெஸ்லிங் வாடையே கிடையாது. தப்பித்தவறி ஏதாவது வந்தால் அந்தச் சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆண்ட்ராய்டு போனில் முகப்புத் திரையை வலது பக்கம் தள்ளினால் வரும் கூகிள் செய்தி ஓடையும் இதே வேலையைச் செய்யும். நான் அதையே அணைத்துவிட்டேன், ஒரு குறையும் தெரியவில்லை.

கடைசியாக வாட்ஸ்அப். குழுவை மியூட் செய்தால் சத்தம்தான் வராது. திறந்து பட்டியலைப் பார்த்தால் கடைசி மெசேஜின் முதல் வரி தெரியும். அதனால் ஆர்க்கைவில் போடுங்கள். ஸ்டேட்டஸ் பக்கத்துக்கே போகாதீர்கள், பையன்கள் முதலில் படம் போடும் இடம் அது. அப்புறம் சொல்ல வேண்டியவர்களிடம் வாயால் சொல்லி வையுங்கள். அக்கா மகனிடம் ஒருநாள் உட்காரவைத்து, "டேய், செவ்வாய்க்கிழமை ராத்திரி நான் கூப்பிடுற வரைக்கும் ரெஸ்லிங் பத்திப் பேசாத" என்றேன். எந்த மியூட் பட்டனையும்விட அது நன்றாக வேலை செய்கிறது.

நிகழ்ச்சியைத் திறக்கும் அந்த ஒரு நிமிடம்

பகல் முழுக்கக் காப்பாற்றிவிட்டு, ராத்திரி டி.வி. முன்னால் உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கும்போது கோட்டைவிட்டவர்கள் பலர். இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியாவில் 2025 ஏப்ரல் 1 முதல் டபிள்யூ.டபிள்யூ.இ. நெட்ஃபிளிக்ஸில் வருகிறது, அதற்கு முன் சோனியில் இருந்தது. டி.வி. சேனல் காலத்தில் மறு ஒளிபரப்புக்குக் காத்திருக்க வேண்டும். இப்போது எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம், ஆனால் திறக்கும் இடத்தில் படங்கள் தாமாகவே ஓடும். உங்கள் புரொஃபைலின் அமைப்புகளுக்குப் போய், மேலோட்டமாகப் பார்க்கும்போது முன்னோட்டம் தானாக ஓடுவதை அணைத்துவிடுங்கள். அடுத்த எபிசோடு தானாகத் தொடங்குவதையும் அணையுங்கள். இரண்டு வாரம் பாக்கி வைத்துப் பார்ப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். முகப்பில் மேய வேண்டாம். நேராகத் தேடலுக்குப் போய் நிகழ்ச்சியின் பெயரைத் தட்டி, தேதியை மட்டும் பார்த்துத் திறங்கள்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. ரெஸ்லிங்கில் துளியும் ஆர்வமில்லாத ஒருவர் வீட்டில் இருப்பார், அவரைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் என் மனைவி. நான் சமையலறையில் நின்றுகொள்வேன், அவள் எடுத்து வைத்துவிட்டு "வாங்க" என்பாள். திரையில் என்ன பார்த்தாலும் அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஓட ஆரம்பித்த பிறகு கீழே ஓடும் நேரப் பட்டையைப் பார்க்காதீர்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அனுபவத்தில்தான் தெரியும். மீதி நேரமே முடிவைச் சொல்லிவிடும். கடைசி ஆட்டத்தில் ஒருவர் தன் பெரிய அடியைக் கொடுத்துவிட்டு மேலே படுக்கிறார், நடுவர் எண்ணுகிறார். உங்கள் கண் தற்செயலாகக் கீழே போகிறது, இன்னும் 14 நிமிடம் இருக்கிறது. தீர்ந்தது, தோள் எழும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதேபோல எல்லாம் முடிந்து ஜெயித்தவர் கையைத் தூக்கும்போது 6 நிமிடம் மிச்சம் இருந்தால், யாரோ ஓடிவந்து அடிக்கப்போகிறார்கள் என்று ஊகித்துவிடலாம். லேப்டாப்பில் பார்ப்பவர்கள் திரையின் அடிப்பகுதியில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். நான் பழைய காலண்டர் தாளை நீளமாகக் கிழித்து வைத்திருக்கிறேன். நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தால் ஆட்டத்தின் நடுவில் நிறுத்தாமல், இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் நிறுத்துங்கள். ஓட்டித் தள்ளுவதும் வேண்டாம். தள்ளும்போது சின்னச் சின்னப் படங்களாக வந்து எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

எது ஸ்பாய்லர், எது இல்லை

முன்கூட்டித் தெரிந்துவிட்டால் பார்க்கும் சுகத்தைக் கெடுக்கும் தகவல்தான் ஸ்பாய்லர். எந்த ஆட்டங்கள் நடக்கப்போகின்றன என்ற பட்டியலை நிறுவனமே அறிவிக்கும். அதைத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை, எதிர்பார்ப்பு வேண்டுமே. நடந்து முடிந்ததன் முடிவு ஸ்பாய்லர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் சிக்கல்: வதந்தி. இந்த வாரம் இன்னார் திரும்பி வருகிறார், விமான நிலையத்தில் இன்னாரைப் பார்த்தார்கள், இன்னாரின் ஒப்பந்தம் முடிகிறது, இன்னாருக்கு அடிபட்டிருக்கிறது. ரெஸ்லிங்கில் திரைக்குப் பின்னால் நடப்பதைச் செய்தியாக எழுதுவது தனித் தொழிலாகவே இருக்கிறது. டேவ் மெல்ட்சர் போன்றவர்கள் 1980-களிலிருந்து இதைச் செய்கிறார்கள். அதில் நல்ல பத்திரிகை வேலையும் உண்டு, வரலாறு தெரிந்துகொள்ள அது வேண்டும். ஆனால் புதியவர் ஒரு வருடத்துக்காவது அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஒருவரின் ஒப்பந்தம் முடிகிறது என்று தெரிந்துவிட்டால், அவர் தோற்கப்போகிறார் என்ற நினைப்போடுதான் அவருடைய ஆட்டத்தைப் பார்க்க முடியும். ரெஸ்லிங் ஆட்டங்களுக்குக்கூடச் சில நாடுகளில் பந்தயம் கட்டுகிறார்கள். அந்தப் பந்தய விகிதங்களும் முடிவைக் காட்டிக்கொடுக்கும், அவற்றையும் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, முன்பே பதிவு செய்து பின்னால் ஒளிபரப்பும் நிகழ்ச்சிகள். இங்கேதான் நான் சொன்ன அந்த ஒரு முடிவு வருகிறது. 1999 ஜனவரி 4. டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் ராவும், போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் நைட்ரோவும் திங்கள் இரவில் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த காலம். அந்த வார ராவை ஆறு நாள் முன்பே மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் பதிவு செய்துவிட்டார்கள். நைட்ரோ அட்லாண்டாவிலிருந்து நேரலை. எதிராளி சேனலில் இன்று மிக் ஃபோலி சாம்பியன் ஆகப்போகிறார் என்று நைட்ரோவின் வர்ணனையாளர் டோனி ஷியவோனி நேரலையிலேயே சொல்லிவிட்டார். மேலிடம் சொல்லச் சொன்னது, சொன்னார். முடிவு தெரிந்தால் யார் பார்ப்பார்கள் என்பது கணக்கு. நடந்தது நேர்மாறு. லட்சக்கணக்கானோர் அந்த நிமிடமே நைட்ரோவை விட்டு ராவுக்கு மாறினார்கள்.

ஸ்பாய்லரால் ஆர்வம் கூடும் என்பதற்கு இதை உதாரணம் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜனங்களை இழுத்தது அந்தத் தகவல் அல்ல, மிக் ஃபோலி என்ற மனிதர். அதற்கு ஆறு மாதம் முன்புதான் 'ஹெல் இன் எ செல்' கூண்டின் உச்சியிலிருந்து கீழே தூக்கி எறியப்பட்டவர். பார்ப்பதற்கு சாம்பியன் மாதிரியே இருக்க மாட்டார். பல வருடம் ஊர் ஊராகப் போய் அடிபட்டவர். அவருக்கு இது நடக்கிறது என்றால் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று ஓடினார்கள். எதுவும் தெரியாமல் அன்று ராவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய இரவு கிடைத்தது.

இப்போது பெரும்பாலும் நேரலைதான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களிலும் வெளிநாட்டுப் பயணத்தின்போதும் முன்பே பதிவு செய்து வைப்பது உண்டு. அந்த வாரங்களில் அரங்கத்தில் இருந்தவர்கள் வழியாக விஷயம் வெளியே வந்துவிடும். ஒளிபரப்பு நாளுக்காகக் காத்திருக்காமல் சில நாள் முன்பே மியூட்டைப் போட்டுவிடுங்கள்.

பழைய ஆட்டங்களில் பழகிக்கொள்ளலாம்

முடிவு தெரியாமல் பார்ப்பது என்ன சுகம் என்று ருசி பார்க்கப் பழைய ஆட்டங்கள் நல்ல வழி. உங்களுக்குத் தெரியாத பழைய ஆட்டம் உங்களைப் பொறுத்தவரை புது ஆட்டம்தான். தேடும்போது நிகழ்ச்சியின் பெயரையும் வருடத்தையும் மட்டும் போடுங்கள், வீரரின் பெயர் வேண்டாம்.

நான் முதலில் போட்டுக் காட்டுவது 2009 ஏப்ரல் 5, ஹூஸ்டன், ரெஸில்மேனியா 25: அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும். 90-களில் ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடியவர்களுக்கு இரண்டு பேருமே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. அதுவரை ரெஸில்மேனியாவில் அண்டர்டேக்கர் 16 முறை மோதி ஒருமுறைகூடத் தோற்றதில்லை. அன்று அரங்கத்துக்குள் நுழைந்த எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது, இதைச் சொன்னால்தான் ஆட்டத்தின் கனம் புரியும். ஷான் மைக்கேல்ஸ் வெள்ளை உடையில், வெளிச்சத்துக்கு நடுவே மேலிருந்து இறங்குவார். அண்டர்டேக்கர் கருப்பில், மேடைக்கு அடியிலிருந்து எழும்புவார். இருவரும் டெக்சாஸ் மாநிலத்துக்காரர்கள், அதனால் கூட்டம் எந்தப் பக்கம் என்றே சொல்ல முடியாது. அப்புறம் சுமார் அரைமணி நேரம். அதில் என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூட எழுத மாட்டேன். நியர் ஃபால் என்றால் என்ன என்று மேலே விளக்கினேனே, அதை இங்கே பாருங்கள்.

அடுத்து 2011 ஜூலை 17, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்ட், மனி இன் தி பேங்க்: ஜான் சீனாவும் சி.எம். பங்கும். பங்குக்கு சிகாகோ சொந்த ஊர். அன்று நள்ளிரவோடு நிறுவனத்துடன் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது, ஜெயித்தால் பெல்ட்டோடு வெளியே நடந்துவிடுவேன் என்கிறார். இந்த ஒப்பந்த விஷயம் வதந்தி அல்ல, கதையே அதுதான், அவர்களே மேடையில் சொன்னது. இதில் கண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம். சத்தத்தைக் கூட்டி வைத்து அந்த ஊர்க் கூட்டத்தைக் கேளுங்கள். ரம்பிளின் ருசி வேண்டும் என்றால் 1992. அந்த வருடம் பெல்ட் காலியாக இருந்தது, ரம்பிளில் ஜெயிப்பவரே சாம்பியன். நிதானமாக உட்கார்ந்து பார்க்கும் பொறுமை வந்த பிறகு, 2017 ஜனவரி 4 டோக்கியோ டோமில் கசுச்சிகா ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் மோதியதைப் பாருங்கள். அந்த ஒரே ஆட்டம் முக்கால் மணி நேரம்.

பார்க்கும்போது போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். இடையில் "இவர் யார்" என்று தேடத் தோன்றும், அந்த ஒரு தேடலில் எல்லாம் போய்விடும். பெயரைத் தாளில் குறித்துவைத்து முடிந்த பிறகு தேடுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று ஓயாமல் ஊகிக்கவும் வேண்டாம். பத்து வழி யோசித்து வைத்தால் ஒன்று பலிக்கத்தான் செய்யும், அப்போது நீங்களே உங்களுக்கு ஸ்பாய்லர் சொல்லிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இத்தனையும் செய்து, தெரிந்துவிட்டால்?

நடக்கும். டீக்கடையில் யாராவது பேசுவார்கள், பஸ்ஸில் முன்சீட்டுப் பையன் போனில் ஓடும். அந்த வாரத்தை விட்டுவிடாதீர்கள். முதலில், காதில் விழுந்தது உண்மைதானா என்றே தெரியாது, பொய்யும் நிறையச் சுற்றும். உண்மையே என்றாலும் பெரும்பாலும் தெரிந்தது யார் என்பதுதான், எப்படி என்பது இன்னும் பாக்கி இருக்கிறது. கூத்து பார்ப்பதுபோலப் பாருங்கள். அடி வாங்குகிறவர் எப்படி விழுகிறார், விழுந்த பிறகு கூட்டத்தை எப்படித் தன் பக்கம் இழுக்கிறார், நடுவர் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். முடிவு தெரியாத பதற்றத்தில் இதெல்லாம் கண்ணில் படாது. மேலும் நிகழ்ச்சியில் பல ஆட்டம் இருக்கும், கெட்டது ஒன்றுதான்.

நீங்கள் முதலில் பார்த்துவிட்ட வாரங்களில் மற்றவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். "ஐயோ, இந்த வாரம் கண்டிப்பா பாரு, நம்பவே மாட்ட" என்று சொல்வதும் பாதி ஸ்பாய்லர்தான். கேட்டவர் கடைசி வரை ஏதோ வரும் என்றே உட்கார்ந்திருப்பார். "பார்த்தாச்சா?" என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் பேச்சை மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது செவ்வாய் இரவு பன்னிரண்டு மணி வாக்கில் நான் அக்கா மகனுக்கு வெறும் ஒரு புள்ளி அனுப்புவேன். ஒரு நிமிடத்தில் போன் அடிக்கும், "மாமா, அந்த கடைசி பத்து நிமிஷம்..." என்று அவன் ஆரம்பிப்பான்.